பழைய பட்டன் போன் நீண்ட நாள் உழைக்க

நோக்கியா 1100 வந்தது 2003-ல். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. அதுவும், அதே சாயலில் வந்த பட்டன் போன்களும் இன்றும் அப்பாவின் சட்டைப் பையிலும் பாட்டியின் சுருக்குப் பையிலும் இருக்கின்றன. எழுத்து அழிந்த பட்டனைப் பார்க்காமலே அழுத்திப் பழகிய கைக்கு வேறு போன் பிடிக்காது. அந்தப் பிரியம் நியாயமானது. போனைக் காப்பாற்றிக் கொடுப்போம்.

1. பேட்டரியைக் கழற்றிச் சமமான மேஜையில் வைத்துச் சுற்றிவிடுங்கள். பம்பரமாகச் சுழன்றால் உப்பிவிட்டது என்று அர்த்தம். பின்மூடி சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டு நிற்பதும் இதனால்தான். உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். உடனே மாற்றிவிடுங்கள். 1100-க்கான பிஎல்-5சி பேட்டரியைச் சின்ன எஃப்.எம். ரேடியோ, ஸ்பீக்கர்களிலும் போடுகிறார்கள் என்பதால் இன்னும் கடைகளில் கிடைக்கிறது. போலிகளும் உண்டு. போனைக் கையோடு கொண்டுபோய், போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

2. பேட்டரி நன்றாக இருந்தும் போன் திடீர் திடீரென்று அணைகிறதா? பேட்டரி முனைகளில் அழுக்கு ஏறியிருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். சிம்மின் பொன்னிறப் பக்கத்துக்கும் இதே வைத்தியம். எச்சில் தொட்டுத் துடைத்தால் களிம்பு ஏறும். பேட்டரி ஆடினால், ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து முனைக்கு எதிர்ப்பக்கத்தில் செருகுங்கள்.

3. மெசேஜ் பெட்டி நிரம்பினால் புது மெசேஜ் வராது. திரையில் சின்ன உறை அடையாளம் மின்னிக்கொண்டிருந்தால் அதுதான் காரணம். பேங்கிலிருந்து ஓடிபி வரவில்லை என்று பெரியவர்கள் தவிக்கும்போது முதலில் இதைப் பாருங்கள். விளம்பர மெசேஜ்களை வாரம் ஒருமுறை அழித்துக் கொடுங்கள். பேரன் பேத்தி அனுப்பியதை அழிக்கும் முன் கட்டாயம் கேளுங்கள்.

4. குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே கம்பெனி என்று அப்பாவின் நம்பரையும் ஜியோவுக்கு மாற்றிவிடாதீர்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. பழைய பட்டன் போனில் சிக்னலே வராது. சிம் மாற்றும் முன் கடையில் '2ஜி போனில் எடுக்குமா' என்று கேளுங்கள்.

5. தண்ணீரில் விழுந்தால் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. சிம்மையும் எடுத்துவிட்டு, துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அரிசியில் புதைத்தால் மாவுத் தூசிதான் உள்ளே போகும். வெயிலும் வேண்டாம்.

6. பட்டன் ரப்பர் தேய்ந்தால் தனியாக மாற்றலாம். மாற்றும்போது 5-ஆம் எண்ணில் தடவினால் தெரியும் சின்னப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு விரல் வைக்கும் இடம் அதுதான்.

7. அடிக்கடி பேசும் ஆட்களை 2 முதல் 9 வரை ஸ்பீட் டயலில் போட்டு, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எல்லா நம்பர்களும் சிம்மிலும் டைரியிலும் இருக்கட்டும்.

8. *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதையும் எழுதி வையுங்கள். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுக்கவும், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கவும் இது தேவை.

9. பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜ் ஏற்றி, பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பாருங்கள்.

10. புதுப் போன் வாங்கிக் கொடுத்தாலும், உடையவரைக் கேட்காமல் பழையதை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். பழைய பேட்டரியை மட்டும் குப்பைத் தொட்டியில் எறியாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.