ஏரிக்கரையே முதல் வகுப்பு

கேள்வி: தமிழ் வகுப்புப் பிள்ளைகளை இயற்கையைப் படிக்க வெளியே அழைத்துப் போக ஆசை. எங்கே, எப்படிப் போகலாம்?
– ஓர் ஆசிரியை, தாமுவே, யாங்கோன்

பதில்: நல்ல முயற்சி, தள்ளிப்போடாதீர்கள். பக்கத்திலிருக்கும் கண்டோஜி ஏரியில் தொடங்குங்கள். ஆங்கிலேயர் காலத்தில் நகரின் குடிநீருக்காக உருவான ஏரி அது. இன்யா ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் வந்தது. பெரியவர் ஒருவர் கண்ணாடி டம்ளரில் ஏரி நீரை மொண்டு வெயிலில் காட்டட்டும்: பாசி, புழு, கலங்கல் எல்லாமே பாடம்தான். பிறகு லோகா தேசியப் பூங்கா. அங்கே குரங்குகளுக்குத் தீனி போடக் கூடாது.

மழை ஓய்ந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். முன்கூட்டியே இடத்தைப் பார்த்துவிடுங்கள். பெற்றோர் சம்மதம், முதலுதவிப் பெட்டி, அடிக்கடி தலை எண்ணுதல் கட்டாயம். தண்ணீர் வீட்டிலிருந்தே வரட்டும். குப்பை உங்களோடு திரும்பட்டும். ஒரே இடத்துக்குப் பருவந்தோறும் போங்கள்; அப்போதுதான் மாற்றம் புரியும்.