ஊர் அடித்த உடும்பும் ஊர் கொஞ்சிய பறவையும்

அன்புள்ள கயல்விழிக்கு,

ரந்தாவ் பக்கத் தோட்டங்களில் உடும்பைக் காணாத நாளில்லை, தாத்தா சொல்லும் பாராவ்-பாராவ் பறவையைத்தான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஏன் என்று கேட்டிருந்தாய். உடும்பைத் துரத்தி அடித்தோம். பறவையைக் கொஞ்சி வளர்த்தோம். கொஞ்சியதுதான் வினையானது.

செம்பனைக் கால்வாயோரம் நீ பார்ப்பது நீர் உடும்பு. இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். மலேசிய வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமத்தோடு இதை வேட்டையாடித் தோலை ஏற்றுமதி செய்கிறார்கள். தோட்டத்து லயங்களில் கறிச்சட்டிக்குப் போனதும் உண்டு. அப்படியும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் பட்டியலில் இது கவலை குறைந்த இனம்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது இதற்குத் தோதாகவே அமைந்தது: உதிர்ந்த பழத்துக்கு எலி வரும், எலிக்கு உடும்பு வரும். மீன், நண்டு, செத்த கோழி எதையும் தள்ளாது. ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை சாதாரணம்.

பாராவ்-பாராவ் கொண்டைக்குருவிகளிலேயே பெரியது. வைக்கோல் நிறத் தலை, கறுப்பு மீசைக்கோடு. அதற்கு ஆற்றோரப் புதர் வேண்டும். ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டை. காடு அழிந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் குற்றவாளி கூண்டு என்பேன். மக்கள் நெருக்கம் மிகுந்த சிங்கப்பூரில்கூட, புலாவ் உபின் தீவில் அது இன்றும் பாடுகிறது. ஜாவாவிலோ காட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காரணம், அங்கே வீட்டுக்கு வீடு பாட்டுப் பறவை வளர்க்கும் மோகம். தன் எல்லைக்குள் வேற்றுக் குரல் கேட்டால் பாராவ் பதில் பாடும், இருக்குமிடம் தெரிந்துவிடும். பிடிப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? 2018-இல் ஐயுசிஎன் இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு, காட்டில் பிடித்ததை நாடுவிட்டு நாடு விற்கத் தடை போட்டது. இன்னொரு பாட்டுப் பறவையான முராய் பத்துவும் அங்கேதான் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

எல்லா உடும்பும் தப்பிவிட்டதென்று எண்ணாதே. மரமேறும் இன்னொரு உடும்பு உண்டு. மூக்குத்துளை கீற்றுப்போல் இருக்கும். பன்னாட்டு வணிகத்தில் பாராவுக்குள்ள அதே தடை அதற்கும் உண்டு. நம் ஆட்களோ இரண்டு உடும்பையும் ஒரே தடியால் அடிப்பார்கள்.

பள்ளி இடுபணியில் எத்தனை கொல்கிறார்கள் என்பதோடு நிறுத்தாதே. போனதை ஈடுகட்ட அந்த உயிருக்கு எத்தனை காலம் பிடிக்கும் என்றும் எழுது. எந்தக் கடையிலாவது பாராவைக் கூண்டில் கண்டால், வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்காதே. பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிக்கச் சொல்.

அன்புடன்,
மாமா