வண்டியை இறக்குமுன்: ஸ்பிரிங்கா, காயிலோவரா?

செடானை இறக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பதுதான் கடைக்காரர்களின் வழக்கம். நான் கேட்பது வேறு. பின் சீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் ஆள் உட்காருகிறார்கள்? தனியாக ஆபீஸ் போய்வரும் வண்டியா, அப்பா அம்மாவையும் நாலு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் வண்டியா? ஸ்பிரிங்கா காயிலோவரா என்பதற்கான பதிலில் பாதி இதிலேயே வந்துவிடும்.

ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸையே எடுத்துக்கொள்வோம். காலி வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மி.மீ. ஆளும் சுமையும் ஏறினால் 145. அதாவது 34 மி.மீ. அமுங்குகிறது. இதில் 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கை மாட்டுகிறோம், அது கம்பெனி ஸ்பிரிங்கைவிட 30 சதவீதம் விறைப்பு கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பு கூடியதால் அமுங்குவது சுமார் 26 மி.மீ. ஆகக் குறையும். அப்படியும் ஆள் நிரம்பிய வண்டிக்கு அடியில் மிஞ்சுவது 118 மி.மீ.தான்.

இது போதுமா? இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த ஸ்பீட் பிரேக்கர் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. விர்ட்டஸின் வீல்பேஸ் சுமார் 2.65 மீட்டர் என்பதால், நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும் நேரம் ஒன்று வரும். அப்போது வண்டியின் அடிவயிற்றில் மேடு தின்னும் இடம் 5 செ.மீ. மட்டுமே. தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த அளவில் போட்ட ஸ்பீட் பிரேக்கரை நம் தெருக்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முழ அகலத்தில் செங்குத்தாகக் கொட்டிய தார் மேட்டில், முன் சக்கரம் தாண்டி இறங்கியதும் மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு நேரே நிற்கும். 12 செ.மீ. இருந்தாலே தட்டும். இறங்கிய வேகத்தில் மூக்கு குத்தினால் அதற்குக் குறைந்த மேடும் தட்டும். ஆகவே ஆர்டர் போடுவதற்கு முன், நீங்கள் தினமும் கடக்கும் மேடுகளில் ஆக மோசமானதை ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். கேட்டலாக்கில் இருக்கும் எந்த எண்ணையும்விட அந்த எண்தான் முக்கியம்.

இப்போது பொருளுக்கு வருவோம். லோயரிங் ஸ்பிரிங் என்றால் கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதே ஷாக் அப்சார்பரின் மேல் குட்டையான, விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டுவது. ஐபாக் ப்ரோ-கிட் போன்ற நிதானமான செட்டுகள் பொதுவாக 25 முதல் 35 மி.மீ. வரை இறக்கும். அந்த உயரத்தைப் பிறகு மாற்ற முடியாது. காயிலோவர் என்றால் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும் செட். ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும், அதில் காலரைத் திருகி உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். விலை பல மடங்கு.

ஒன்று மலிவு, இன்னொன்று உசத்தி என்று இதை எடுத்துக்கொண்டால் தப்பாகத்தான் வாங்குவீர்கள். வண்டி எப்படி ஓடும் என்பதை நிர்ணயிப்பது ஷாக். ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், பள்ளத்தில் அமுங்கும், திரும்பத் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக்கின் வேலை. கம்பெனி ஷாக்கை அதே கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாக வடிவமைத்திருப்பார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு 30 சதவீதம் கூடினால் ஷாக்கின் அடக்கும் திறன் அந்த விறைப்போடு ஒப்பிட்டால் சுமார் 12 சதவீதம் குறைந்துபோகும். புது ஷாக் இதைச் சமாளித்துவிடும். 60,000 கி.மீ. ஓடிக் களைத்த ஷாக் சமாளிக்காது. மேடு ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடும், பைபாஸில் 100-ஐத் தாண்டினால் பின்பக்கம் மிதக்கும். பழி ஸ்பிரிங் மேல் விழும். பழைய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங் போடுகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 35 மி.மீ. இறங்கிவிட்ட வண்டியில் ஷாக் அமுங்குவதற்கு இருந்த தூரத்திலும் ஏறக்குறைய அதே 35 மி.மீ. போய்விடும். பெரிய பள்ளத்தில் விழுந்தால் ஷாக் அதன் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும். லோயரிங் ஸ்பிரிங் போட்ட பலர் "ரைடு ரொம்ப ஹார்டாகிவிட்டது" என்று சொல்வது பல சமயம் ஸ்பிரிங்கின் விறைப்பைப் பற்றி அல்ல. அவர்கள் வண்டி பாதி நேரம் பம்ப் ஸ்டாப்பின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கிய ஸ்பிரிங்குக்கென்றே செய்த ஷாக்குகள் இதற்காகத்தான் இருக்கின்றன. பில்ஸ்டீனின் பி8 அந்த வகை. அதையும் ஐபாக் ஸ்பிரிங்கையும் ஒரே பெட்டியில் சேர்த்துத் தருவதுதான் பி12. உங்கள் மாடலுக்கு, அதுவும் உங்கள் எஞ்சின் கியர்பாக்ஸ் எடைக்கு, பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங்கை கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டிவிட்டால் செலவே இல்லாமல் இறங்கிவிடுமே என்று கேட்பவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். வெட்டிய முனை ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காராது. ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் கையால் ஆட்டுமளவுக்குத் தளர்ந்துவிடும், ஓடும்போது பள்ளத்தில் சக்கரம் தொங்கினாலும் அதே கதிதான். நல்ல லோயரிங் ஸ்பிரிங்குக்கும் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்: சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்பிரிங் இறுக்கமாகவே இருக்க வேண்டும்.

காயிலோவரின் பலம், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே வருவது. உயரத்தை மாற்ற முடிவது அதற்கு அடுத்ததுதான். விலை குறைந்த காயிலோவரில் அந்தப் பொருத்தம்தான் முதலில் அடிபடும். மரை இருக்கும், பளபளக்கும் நிறம் இருக்கும், ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகில் முப்பது கிளிக் இருக்கும், ஆனால் பத்தாவது கிளிக்குக்கும் இருபதாவதுக்கும் என்ன வித்தியாசம் என்று ஓட்டிப் பார்த்தால் தெரியாது. அதைவிட நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் எவ்வளவோ மேல். பெரும்பாலான செட்டுகளில் அந்தத் திருகு ஒன்றேதான், அது முக்கியமாக ஷாக் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும், அமுங்கும் வேகத்தையும் கொஞ்சம் மாற்றும். இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டுமென்றால் கே.டபிள்யூ. வேரியன்ட் 3 போன்றவற்றுக்குப் போக வேண்டும். அதே கம்பெனியின் வேரியன்ட் 1-இல் கிளிக்கே கிடையாது, உயரம் மட்டும்தான் மாறும். என் கணக்கில் தெருவில் ஓடும் செடானுக்கு அதுவே போதும். கிளிக் இருந்தால் மாற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும், கடைசியில் எது சரியான செட்டிங் என்பதே மறந்துபோகும்.

உயரம் மாற்றலாம் என்பதற்காக ஒரேயடியாகத் தரையில் உட்கார வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் செடான்களில் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். கம்பெனி உயரத்தில் லோயர் ஆர்ம் ஏறக்குறைய படுத்திருக்கும், அல்லது சக்கரப் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். ரொம்ப இறக்கினால் சக்கரப் பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அப்போது வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, இறக்கிய வண்டி வளைவில் அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை மறைக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் தேவைப்படும். 30 மி.மீ.க்கு மேல் இறக்கினால் பார்வைக்குத்தான் லாபம், ஓட்டத்துக்கு நஷ்டம்.

பின்பக்கம் வேறு கதை. விர்ட்டஸ், ஸ்லாவியா, சிட்டி, வெர்னா எல்லாவற்றிலும் பின்னால் டார்ஷன் பீம்தான். ஸ்பிரிங் ஓரிடத்தில், ஷாக் இன்னோரிடத்தில். எனவே இந்த வண்டிகளுக்கு வரும் "காயிலோவர் கிட்"டில் பின்னால் கிடைப்பது பெரும்பாலும் உயரம் மாற்றும் அடாப்டரோடு ஒரு தனி ஸ்பிரிங்கும் ஒரு ஷாக்கும்தான். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், வண்டியின் அமைப்பே அப்படி.

அப்படியானால் யாருக்கு எது? இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ டிராக் நாட்களுக்கு ஒழுங்காகப் போய்வருபவர் நல்ல காயிலோவர் வாங்கலாம். டிராக்குக்கு ஓர் உயரம், ஊருக்கு ஓர் உயரம் என்று வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. வீல் ஆர்ச்சில் தெரியும் இடைவெளிதான் உறுத்துகிறது, கூடவே வளைவில் கொஞ்சம் பிடிமானமும் வேண்டும் என்பவருக்கு 25 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும். வண்டி மிதக்கிறது, அது ஒன்றுதான் குறை என்பவர் இறக்கவே வேண்டாம். கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக்கும் நல்ல டயரும் போட்டுப் பார்க்கட்டும். பின் சீட்டு எப்போதும் நிரம்பியிருக்கும் வண்டிக்கும் என் பதில் இதுதான்.

மாட்டும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி லிஃப்டில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் எடை வாங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். பழைய மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பை அப்படியே திரும்ப மாட்டுவதும் வேண்டாம், கூலி இரண்டு முறை போகும். வீல் அலைன்மென்ட் அன்றைக்கே ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை. சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமான டோ மாறியதைக் கவனிக்காமல் விட்டால் டயரின் உள் ஓரம் தேய்வது வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஹெட்லைட் மட்டத்தையும் சரிபாருங்கள். முன் கண்ணாடியில் கேமரா வைத்த வண்டியென்றால் அதற்கும் கேலிப்ரேஷன் தேவைப்படலாம். காயிலோவர் போட்டவர்கள், குறிப்பாகச் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள், மரையை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கழுவித் துடைக்க வேண்டும். உப்புக்காற்றில் காலர் பிடித்துக்கொண்டால் உயரம் மாற்றும் வசதிக்குக் கொடுத்த காசு வீண்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. சஸ்பென்ஷன் மாற்றம் இதில் எந்த அளவுக்கு வரும் என்பதை மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். உங்கள் ஆர்.டி.ஓ.விடம் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் கிளெய்ம் சமயத்தில் சர்வேயர் அதைக் காரணமாக்கலாம். வாரன்ட்டி மிச்சமிருக்கும் வண்டியில் சஸ்பென்ஷன் பகுதிக்கு அது போய்விட்டதாகவே கணக்கு வையுங்கள்.

கழற்றிய பழைய ஸ்பிரிங், ஸ்ட்ரட், பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் முன் எது, பின் எது, இடது எது, வலது எது என்று டேப் ஒட்டி எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கடையிலேயே விட்டால் அடுத்த வாரம் பழைய இரும்பாகியிருக்கும். வண்டியை விற்கப்போகும்போது கம்பெனி உயரத்தில் நிற்கும் செடானுக்குத்தான் வாங்க ஆள் அதிகம்.