ஓகே: இரண்டு எழுத்துக்கு எத்தனை பூர்வீகம்?

ஆங்கிலச் சொற்களுக்கு ‘ஃபுல் ஃபார்ம்’ சொல்லும் பழக்கம் வகுப்பறையிலும் உண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் உண்டு. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்ததே ‘நியூஸ்’ என்று பலரும் படித்திருப்போம். அது உண்மையல்ல. புதியது என்று பொருள்படும் ‘நியூ’வின் பன்மைதான் நியூஸ். பிரெஞ்சிலும் செய்திக்கு வழங்கும் ‘நூவெல்’ புதியவை என்பதிலிருந்தே வந்தது. இந்தப் புனைவுகளில் அதிகம் சிக்கிய சொல் ஓகே. ஒரு நாளில் நாம் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணவே முடியாத இந்தச் சொல்லின் பிறப்பு நன்றாக ஆராயப்பட்டது. ஆனாலும் கட்டுக்கதைதான் இன்னும் வேகமாகப் பரவுகிறது.

நம்பிக்கை: போர்முகாமில் அன்றைக்கு ஒருவரும் சாகவில்லை என்றால் ‘ஜீரோ கில்டு’ என்று எழுதுவார்கள், அதன் சுருக்கமே ஓகே.

உண்மை: இந்தக் கதையை வழக்கமாக அமெரிக்க உள்நாட்டுப் போருடன் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் போர் நடந்தது 1861 முதல் 1865 வரை. ஓகே அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. அதே போரில் சிப்பாய்களுக்கு வந்த பிஸ்கட் பெட்டியில் இருந்த நிறுவன முதலெழுத்துகள் என்ற கதையும், தந்தி ஊழியர்களின் குறிச்சொல் என்ற கதையும் இதே காரணத்தால் விழுகின்றன. மோர்ஸ் தன் புகழ்பெற்ற முதல் தந்தியை வாஷிங்டனிலிருந்து அனுப்பியதே 1844இல்தான்.

அப்படியானால் பிறந்தது எங்கே? பாஸ்டன் நகரில். 1830களின் கடைசியில் அங்கிருந்த பத்திரிகைக்காரர்களிடையே ஒரு விளையாட்டு பரவியிருந்தது. ஒரு தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிடுவார்கள். ‘ஆல் ரைட்’ என்பதை ‘ஓல் ரைட்’ ஆக்கி, ரைட்டின் எழுத்துகளையும் மாற்றி, ‘ஓ.டபிள்யூ.’ என்று சுருக்கினார்கள். அதே வழியில் எல்லாம் சரி என்று பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’, ‘ஓல் கொரெக்ட்’ ஆகி ‘ஓ.கே.’ என்று நின்றது. 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளிதழில், பொருள் விளக்கத்தோடு அது அச்சானது. கூடப் பிறந்த சுருக்கங்கள் எல்லாம் மறைந்துபோக, இது ஒன்று மட்டும் உலகை வலம் வந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1941இல் அவரால் 1840 வரைதான் போக முடிந்தது. அதோடு விடவில்லை, பழைய நாளிதழ்களைத் தொடர்ந்து புரட்டி, 1963, 64ஆம் ஆண்டுகளில் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ ஆய்விதழில் முழு வரலாற்றையும் எழுதினார். எந்தக் கணினித் தேடலும் இல்லாத காலத்தில் செய்த அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

நம்பிக்கை: அமெரிக்க அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் பட்டப்பெயரே ஓகே.

உண்மை: இதில் பாதி சரி. அவர் பிறந்தது நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக் என்ற ஊரில். 1840 தேர்தலில் ஆதரவாளர்கள் ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று அவரை அழைத்து, ஓ.கே. என்ற பெயரில் மன்றமே தொடங்கினார்கள். அவர் தோற்றார், சொல் நாடெங்கும் பரவிவிட்டது. சொல்லைப் பெற்றது பாஸ்டன், ஊரறியச் செய்தது தேர்தல். எதிர்க்கட்சியினரும் சும்மா இருக்கவில்லை. வான் பியூரனின் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரியாது, அவர் கிறுக்கியதே ஓ.கே. என்று கிளப்பிவிட்டார்கள். அதற்குச் சான்றாகப் பின்னாளில் சிலர் 1790ஆம் ஆண்டு டென்னசி நீதிமன்றப் பதிவேடு ஒன்றைக் காட்டினார்கள். கூர்ந்து பார்த்தால் அதில் இருப்பது ‘ஓ.ஆர்.’, பதிவு செய்ய உத்தரவு என்பதன் சுருக்கம்.

நம்பிக்கை: ஓகே ஒரு செவ்விந்தியச் சொல், இல்லை, ஆப்பிரிக்கச் சொல்.

உண்மை: செவ்விந்திய மொழிகளில் ஒன்றான சாக்டாவில் அது அப்படித்தான் என்ற பொருளில் ‘ஓகே’ போன்ற ஒரு சொல் உண்டு. அதிபர் உட்ரோ வில்சன் அதை நம்பி, கோப்புகளில் அந்த எழுத்துக்கூட்டலிலேயே ஒப்புதல் எழுதினார். மேற்கு ஆப்பிரிக்க வோலோஃப் மொழியின் ‘வாவ் கே’யிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்தது என்பது மொழியியலாளர் டேவிட் டால்பி முன்வைத்த கருத்து. இதைப் பிஸ்கட் கதையோடு சேர்த்துத் தூக்கி எறிவது நியாயமில்லை. அடிமைகளின் பேச்சை அன்று எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. ஏட்டில் இல்லாததாலேயே வாயில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் வேர்ச்சொல்லுக்குச் சான்றாகாது. 1839இலிருந்து இன்றுவரை அறுபடாமல் வரும் எழுத்துச் சான்று பாஸ்டனுக்கு மட்டுமே இருக்கிறது.

நம்பிக்கை: ஓகே என்றால் சம்மதம்.

உண்மை: அது பல பொருள்களில் ஒன்று. “படம் ஓகே” என்றால் சுமார் ரகம். “ஓகே, வச்சிடறேன்” என்றால் பேச்சு முடிந்தது. “உடம்பு இப்ப ஓகேவா?” என்பதில் நலம். “லோன் ஓகே ஆயிடுச்சு” என்பதில் அனுமதி. தந்தி ஊழியர்கள் இதைச் செய்தி சரியாக வந்து சேர்ந்தது என்று தெரிவிக்கவும் வழங்கினார்கள்; அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. வாடகையை உயர்த்தப்போவதாக வீட்டுக்காரர் அனுப்பும் செய்திக்குக் குடியிருப்பவர் ‘ஓகே’ என்று போடுகிறார். படித்துவிட்டேன் என்பது அவர் நினைப்பு. ஒத்துக்கொண்டார் என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொள்கிறார். பணம், தேதி, பொறுப்பு சம்பந்தப்பட்ட இடங்களில் ‘பார்த்தேன், யோசித்துச் சொல்கிறேன்’ என்றோ ‘சம்மதம்’ என்றோ முழுதாக எழுதிவிடுங்கள்.