உச்சி எட்டியது, படிகள் எட்டவில்லை

உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த பகுதி நம் தெற்காசியா. இலங்கையில் 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா, இந்தியாவில் 1966-இல் இந்திரா காந்தி, பாகிஸ்தானில் 1988-இல் பேநசீர் புட்டோ, வங்காளதேசத்தில் 1991-இல் கலீதா ஜியா. நால்வரும் தந்தை அல்லது கணவர் வழியில் அரசியலுக்கு வந்தவர்கள்.

வேலைக்குப் போகும் சாதாரணப் பெண்ணுக்கு அந்த வழி ஏது? நான் உழைத்த ரயில்வேயையே பாருங்கள். 1905-இல் ஏற்பட்ட ரயில்வே வாரியத்துக்கு 2023-இல்தான் முதல் பெண் தலைவர் வந்தார். ரயில் எஞ்சின்களில் நெடுங்காலம் கழிப்பறையே கிடையாது. ஆண் ஓட்டுநரை மட்டும் மனத்தில் வைத்து வரைந்தவை அவை. வேலையிடம் மாறினால்தான் பெண் அதில் நிலைப்பாள். நிலைத்தால்தான் தலைமைக்கு உயர்வாள்.

வீடும் மாற வேண்டும். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். மகளுக்கு மாற்றல் உத்தரவு வந்தால், "வேலையை விட்டுவிடு அம்மா" என்று நாமே சொல்லலாமா?