ரவுட்டரில் எந்தக் கேபிள் எங்கே?

ரவுட்டரின் பின்பக்கம் ஒரு போர்ட் மட்டும் பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். அதுதான் 'வேன்' போர்ட். ஊர், நாடு தாண்டி விரியும் வெளி நெட்வொர்க்குக்கான வாசல். மற்றவை 'லேன்': வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், டிவிக்கு. ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளைத் தவறிப்போய் லேனில் செருகினால் போனில் வைஃபை குறி முழுசாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் நெட் வராது.

இணைப்பு நின்றால் இரண்டு பெட்டிகளையும் அணையுங்கள். முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்ததும் ரவுட்டரைப் போடுங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும் என்பேன். அப்போதும் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் கோளாறு லைனில். கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும்.

ஊசி நுழையும் ரீசெட் துளையை மட்டும் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். சில விநாடி அழுத்தினாலே யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். அவற்றை இன்றே ஒரு டைரியில் எழுதி வையுங்கள்.