கைப்பேசிப் படமும் கைத்தொழில் வருவாயும்

2010ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இரண்டு கடைத்தெருக்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றை நாம் நன்கு அறிவோம். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைச் சீரமைத்து உருவாக்கிய 'லிட்டில் இந்தியா'வை அம்மாதம் 27ஆம் நாள் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் திறந்து வைத்தனர். மற்றொன்று அதற்கு மூன்று வாரம் முன்னதாக, 6ஆம் நாளன்று, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கெவின் சிஸ்ட்ரோம், மைக் கிரீகர் என்னும் இரண்டு இளைஞர்களால் தொடங்கப்பட்டது. அதற்குச் செங்கல்லும் இல்லை, சிமெந்தும் இல்லை. அதுவே இன்ஸ்டாகிராம். உடனடியாகப் படம் தரும் கேமராவையும் தந்தியையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை இணைத்து இப்பெயரை இட்டனர்.

தொடக்கத்தில் நண்பர்கள் தம்முள் படங்களைப் பகிர்ந்து கொள்ளவே இது பயன்பட்டது. வணிகர்கள் பின்னரே வந்தனர். நம் நாட்டுச் சிறு வணிகர் பலரை இப்பக்கம் திருப்பியது 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று எனலாம். அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இடையில் சற்றுத் தளர்ந்த கட்டுப்பாடு, அக்டோபர் 14 முதல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா ஆகிய இடங்களில் மீண்டும் இறுகியது. தீபாவளியோ நவம்பர் 14. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லத் தடை இருந்தமையால், ஆண்டுதோறும் கோலசிலாங்கூர், பந்திங் பகுதித் தோட்டங்களிலிருந்து கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குத் துணி எடுக்க வரும் குடும்பங்கள் அம்முறை வர இயலவில்லை. கடை திறந்திருந்தும் வாங்குவோர் இல்லை. சேலையை மேசைமேல் விரித்துக் காட்டிய கடைக்காரர்கள் அதையே கைப்பேசியின் முன் விரித்துக் காட்டத் தொடங்கினர். விலை பேசுவது வாட்ஸ்அப்பில் நடந்தது. சரக்கு கூரியர் வழியே சென்றது.

இதில் நமக்கென்ன என்று தோட்ட மக்கள் கேட்கலாம். மழை பெய்தால் மரம் சீவ முடியாது. மங்கில் பால் இல்லையேல் அன்றைய வருவாயும் குறையும். அந்நாளிலும் முறுக்குச் சுடலாம், இரவிக்கையில் ஆரி வேலை செய்யலாம், ஊறுகாய் போடலாம். இக்கைத்திறன் நம் பெண்களிடம் நெடுங்காலமாகவே உண்டு. இல்லாதிருந்தது கடை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு வாடகையும் முன்பணமும் கொடுக்க நம்மால் இயலுமா? அங்குள்ள முதன்மைச் சாலை துன் சம்பந்தனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டியே தோட்டம் வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் அவர். இன்று இணையத்தில் கடை வைக்க அத்தகைய பெருமுதல் தேவையில்லை. வணிகக் கணக்கு தொடங்குவதற்குக் கட்டணம் இல்லை. எத்தனை பேர் படத்தைப் பார்த்தனர் என்பதையும் அக்கணக்கே காட்டும்.

படம் எடுப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். விலையுயர்ந்த கைப்பேசி வேண்டுமென்பதில்லை. முதலில் கண்ணாடி வில்லையைத் துணியால் துடைத்தல் வேண்டும். எண்ணெய்க் கையால் தொட்ட வில்லையில் படம் மங்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன், வீட்டு வாசற்படியில் விழும் வெளிச்சமே சிறந்தது. இரவில் குழல்விளக்கின் கீழ் எடுத்தால் மாம்பழ நிறப் பட்டு வேறு நிறமாகத் தெரியக்கூடும். ஒரு படத்தில் ஒரு பொருள் போதும். பின்னால் துணிக்கொடியோ தண்ணீர் வாளியோ தெரியலாகாது. வாழையிலை, வெறும் பாய், வெள்ளைத் துணி ஆகியவை நல்ல பின்புலம். முறுக்கு எவ்வளவு பெரியது என்று படத்தால் தெரியாது. அருகில் ஒரு கையைக் காட்டினால் தெரியும். நிறத்தை மாற்றி அழகூட்டும் வசதியும் அதில் உண்டு. அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். படத்தில் கண்ட சிவப்பு பொட்டலத்தில் இல்லையெனில் சேலை திரும்பி வரும், கூரியர் செலவும் நம் தலையில் விழும். பிறர் கடைப் படத்தை எடுத்து நம் பொருள்போல் போடுவது அதனினும் தவறு. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்துக்கும் பாதுகாப்பளிக்கிறது.

படத்தின் கீழ் என்ன எழுதுவது? பொருளின் பெயர், எடை, விலை, அனுப்பும் செலவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்பன. நம்மவர் பலர் விலையை எழுதாமல், "தனியே கேளுங்கள்" என்று விட்டுவிடுகின்றனர். இது வாங்குவோரை விரட்டுவதோடு, சட்டத்திற்கும் புறம்பானது. இணையத்தில் விற்போர் தம் பெயர், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டுமென்னும் விதி 2013ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. விலையைக் கணக்கிடும்போது மாவையும் எண்ணெயையும் மட்டும் கூட்டாதீர்கள். எடுத்துக்காட்டாக, ஒரு புட்டி முறுக்குக்கு மாவும் எண்ணெயும் 7 ரிங்கிட், எரிவாயுவும் புட்டியும் 3 ரிங்கிட் எனின், 10க்கு விற்பவர் தம் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறார்.

தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிதல் வேண்டும். ஆண்டுக் கட்டணம் சொந்தப் பெயருக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயருக்கு 60 ரிங்கிட். உணவுப் பொருள் செய்வோருக்கு உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் தேவை.

ஓர் எச்சரிக்கை. பணம் செலுத்தியதாகப் பொய் ரசீதுப் படத்தை அனுப்பிப் பொருளைப் பெற்றுச் செல்லும் வஞ்சகர் உளர். ரசீதை நம்பாமல், நம் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்த்த பின்பே பொட்டலத்தைக் கட்டுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லற்க. கணக்கிலிருந்து பணம் பறிபோனதை அறிந்தவுடன் 997 என்னும் எண்ணை அழையுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் இவ்வெண் 2022 அக்டோபர் முதல் இயங்கி வருகிறது.

பண்டிகைக்கு முந்திய நாள்களில் கூரியர் நிலையங்களில் பொட்டலங்கள் குவிந்து தாமதமாகும். ஆகவே தீபாவளி ஆர்டரை எந்நாளுடன் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அத்தேதியையும் படத்தின் கீழ் எழுதிவிடுங்கள்.